சாடி நிறைந்த வெற்றுக் கோதுகள்

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைகளிலே தேர்தல்களையும் இடப்பெயர்வுகளையும் மீனவர் பிரச்சினைகளையும் எழுதி வந்த ஒருவன் இப்போது நத்தைகளைப் பற்றி எழுத வந்திருப்பதைக் கண்டு வாசகர் சிலர் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டு வாசிக்குமாறு வேண்டுகிறேன். விலங்கியல் எனக்குப் பாடமன்று. பல்கலைக்கழகத்திலே தமிழும் வரலாறும் படித்தவன் நான். ஆனால் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள், எத்தனை வந்தது, வந்த பின் அதற்கு என்ன நேர்ந்தது என்று கேட்பது என் தொழில். அக்கேள்விகளை ஒரு வீட்டின் முன்கூடத்திலே கேட்கப்போய் விளைந்ததே இக்கட்டுரை.

சென்ற பனிக்காலத்திலே கனடாவின் ஸ்காபரோவில் என் தமக்கையின் மகன் வீட்டில் மூன்று கிழமைகள் தங்கியிருந்தேன். வெளியே முழங்காலளவு பனி. உள்ளே, முன்கூடத்தின் ஒரு சுவரை அடைத்தபடி நாலடி நீளமான கண்ணாடித் தொட்டி. முந்நூறு லீற்றர் உப்பு நீர், நீல ஒளி, முருகைக் கற்கள், அவற்றினிடையே இரண்டு கோமாளி மீன்கள். கணினித் துறையிலே வேலை பார்க்கும் மருமகன் வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றுமுன் அத்தொட்டியைத்தான் பார்ப்பான். கல்சியம் லீற்றருக்கு 420 மில்லிகிராம் இருக்கிறதா, உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்கிறதா, வெப்பம் 25 பாகையில் நிற்கிறதா என்று அளந்து குறிப்புப் புத்தகத்தில் எழுதுவான். இந்தப் பொழுதுபோக்கு வசதி படைத்தோரின் வீண் செலவு என்ற எண்ணத்துடனேயே நான் அதைப் பார்த்திருந்தேன் என்பதை ஒளிப்பானேன்.

என் முகக்குறிப்பைக் கண்டுகொண்டானோ என்னவோ, ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவனாகவே தொடங்கினான்.

"மாமா, இதில கடலில இருந்து எடுத்தது ஒண்டுமில்லை. மீன் ரெண்டும் பண்ணையில பொரிச்சது. முருகைக்கல் எல்லாம் ஆக்களிட்டை துண்டு வாங்கி ஒட்டி வளர்த்தது. கல்லும் செயற்கைக் கல்லு. தண்ணியும் நான் கலந்தது."

பெருமைப்படத் தக்க பேச்சுத்தான். கோமாளி மீனைச் செயற்கையாகப் பொரிக்க வைக்கும் முறை 1970களிலேயே வணிக அளவுக்கு வந்துவிட்டது. முருகையைத் துண்டு துண்டாக வெட்டிப் பெருக்கிக் கைமாற்றிக்கொள்வதும் இன்று இத்துறையில் சாதாரண வழக்கம். நான் கண்ணாடியிலே ஊர்ந்துகொண்டிருந்த ஒன்றைச் சுட்டிக் கேட்டேன்.

"அப்ப இந்த ஊரியள்?"

"அதுகள் கடையில வாங்கினது மாமா."

"கடைக்காரன் எங்க எடுத்தவன்?"

அவனுக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டுமென்று தோன்றவுமில்லை. குற்றம் சொல்ல எனக்கும் வாயில்லை. 1990களில் கொழும்புக்கு வடக்கே அலங்கார மீன் ஏற்றுமதி செய்யும் ஓரிடத்துக்குச் செய்தி சேகரிக்கப் போயிருக்கிறேன். பொலித்தீன் பைகளில் ஒட்சிசன் அடைத்து அடுக்கிய மீன்களைப் பற்றியும், ஆழத்தில் முக்குளித்து விரைந்து மேலெழுந்ததால் மூட்டுகள் முடங்கிப்போன இளைஞர்களைப் பற்றியும் எழுதினேன். மூலையில் ஈரச் சாக்கின் கீழே குவிந்து கிடந்த நத்தைகளைப் பார்த்த நினைவு இருக்கிறது. அவற்றைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நத்தை செய்தியாகாது.

தொட்டியின் கீழுள்ள அலுமாரியிலே பழைய ஜாம் சாடி ஒன்று இருந்தது. மருமகனின் ஏழு வயது மகள் அதை எடுத்துவந்து மேசையில் கொட்டினாள். செத்த நத்தைகளின் கோதுகள். கூம்பு வடிவானவை, திருகாணி போன்று நீண்டவை, உள்ளே முத்துப் பூச்சுடன் மின்னும் உருண்டையானவை. அவள் ஆங்கிலத்தில் எண்ணினாள். அறுபத்து மூன்று. இரண்டு வருடக் கணக்கு அது.

இவை ஏன் வாங்கப்படுகின்றன என்பதை, இத்துறை அறியாத வாசகருக்காகச் சொல்ல வேண்டும். பலமான விளக்கும் மீனின் கழிவும் சேரும் தொட்டியிலே பாசி படர்வது இயல்பு. அதை மேய்ந்து தீர்ப்பதற்குக் கடைகளிலே நத்தைகளையும் துறவி நண்டுகளையும் பொதியாகக் கட்டி விற்கிறார்கள். இத்தனை கலன் தொட்டிக்கு இத்தனை நத்தை என்று கணக்கும் சொல்வார்கள். அப்பொதிக்குப் பெயர் 'கிளீன் அப் குறூ'. தமிழில் சொல்வதானால் துப்புரவுப் படை. நமக்குச் செய்யும் வேலையை வைத்து ஒருவருக்குப் பெயரிட்டுவிட்டால், அவர் எங்கே உண்கிறார், எங்கே உறங்குகிறார் என்ற விசாரணை நின்றுபோகிறது. இதை மனிதரிடத்தும் நாம் நன்றாகவே பழகியிருக்கிறோம்.

அந்தச் சாடியிலிருந்த கோதுகளை இரண்டு மாலைகள் படங்களுடன் ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒவ்வொன்றும் ஒரு தனிக்கதை சொல்லிற்று. உருண்டையாய் முத்து மினுக்கம் காட்டியது மார்கரிற்றா எனும் நத்தை. அலாஸ்காவிலிருந்து கலிபோர்னியா வரையான குளிர் கடலில் வாழ்வது. அதை 25 பாகை நீரில் விட்டால் சில காலம் மேய்ந்துவிட்டு மெல்ல மெல்லச் செத்துப்போகும். வாங்கியவர் அது கிழடாகிச் செத்ததென்று நினைப்பார். கூம்பு வடிவானது கரிபியன் கடலின் அஸ்ட்ரியா. நல்ல மேய்ச்சல்காரன்; ஆனால் மல்லாக்க விழுந்துவிட்டால் தானாக நிமிர்வது அதற்குப் பெரும்பாடு. அலை அடிக்கும் கரடுமுரடான பாறையிலே பற்றிக்கொள்ள ஏதாவது அகப்படும். தட்டையான மணலிலே கிடந்து துறவி நண்டுக்கு இரையாகும். நசாரியஸ் என்பது பாசியே தின்னாது. மணலுக்குள் புதைந்திருந்து செத்த மீனின் வாடை பட்டதும் தும்பியை நீட்டிக்கொண்டு வெளிவரும் பிணந்தின்னி அது. மீன் சாகாத சுத்தமான தொட்டியிலே, தனியாக இரை போடாவிட்டால், அது பட்டினி கிடக்கும்.

பட்டினிதான் பெருங்காரணம் என்று எனக்குப் படுகிறது. பாசி பெருகிய நாளில் நாற்பது நத்தை வாங்குகிறார்கள். நாற்பதும் சேர்ந்து பாசியை இரண்டு கிழமையில் தீர்த்துவிடுகின்றன. மூன்றாவது கிழமை அவற்றுக்கு உணவில்லை. செத்தவை அழுகி நீரைக் கெடுக்க, அதில் மீண்டும் பாசி வளர, மீண்டும் ஒரு பொதி வருகிறது. என் மருமகனின் குறிப்புப் புத்தகத்திலே கல்சியத்தின் அளவு நாள் தவறாமல் இருந்தது. நத்தைச் சாவு ஒரு பக்கத்திலும் இல்லை.

இனி, எங்கிருந்து வந்தன என்ற கேள்வி. 2009ஆம் ஆண்டு 'பிளோஸ் வண்' ஆய்விதழிலே அன்ட்ரூ றைன் முதலான கடலியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புளோரிடா மாநிலத்திலே அலங்காரத் தொட்டிகளுக்காகப் பிடிக்கப்படும் முள்ளந்தண்டற்ற கடலுயிர்கள் பற்றி 1994 முதல் 2007 வரையான பதிவுகளை அவர்கள் ஆராய்ந்திருந்தார்கள். 2007இல் மாத்திரம் பிடிக்கப்பட்டவை 90 இலட்சம். அவற்றுள் 60 இலட்சம் பாசி மேயும் உயிர்கள். அழகுக்காகவும் அபூர்வத்துக்காகவும் எடுக்கப்பட்டவற்றை எல்லாம் கூட்டினாலும் அதன் பாதியளவுதான். 1994உடன் ஒப்பிட மொத்தப் பிடிப்பு பத்து மடங்கு. உரிமம் பெற்றவர்களின் தொகையோ வெகுவாகக் குறைக்கப்பட்டிருந்தது. இந்த மீன்பிடி ஊர்ந்து ஊர்ந்து வீழ்ச்சியை நோக்கிப் போகிறது என்பது அவர்களது முடிவு.

இக்கணக்கிலே என்னை உறுத்துவது தொகையன்று. எதை எடுக்கிறோம் என்பதே. முருகைக் கற்பாறையும் பாசியும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுபவை. மேய்பவர் இருக்கும்வரை முருகை வெல்லும், மேய்பவர் போனால் பாசி வெல்லும். கரிபியன் கடலிலே 1983இல் தொடங்கிய ஒரு கொள்ளைநோய் ஓராண்டுக்குச் சற்றுக் கூடிய காலத்துள் நீண்ட முள்ளுடைய கரிய கடல் முள்ளெலிகளுள் 93 வீதத்துக்கு மேற்பட்டவற்றைக் கொன்றது. அதற்கு முன்பே அளவுமீறிய மீன்பிடியால் பாசி தின்னும் மீன்கள் அருகியிருந்தன. 1980இல் அலன் சூறாவளியும் அடித்திருந்தது. ஜமேக்காவின் பாறைகளில் 1977இல் 52 வீதமாயிருந்த உயிர் முருகை 1990களின் தொடக்கத்தில் 3 வீதமாயிற்று. 4 வீதமாயிருந்த பாசி 92 வீதமாயிற்று. ரெரன்ஸ் ஹியூஸ் 1994இல் வெளியிட்ட கணக்கு இது. நத்தைகளை எடுத்ததனால்தான் புளோரிடாவின் பாறைகள் பாழாயின என்று நான் சொல்ல வரவில்லை. 2023ஆம் ஆண்டுக் கோடையின் கடல் வெப்பம் அங்கே செய்த அழிவுக்கு முன் நத்தையெல்லாம் எம்மாத்திரம்! ஆயினும் நோயுற்றுக் கிடக்கும் பாறையிலிருந்து அதன் மேய்ச்சற்காரரை இலட்சக்கணக்கில் அள்ளி, கண்ணாடித் தொட்டியிலே ஒரு போலிப் பாறையைப் பளபளப்பாக்குவதிலே ஏதோ கோணல் இருக்கிறது.

மருமகன் இலேசில் விடவில்லை. அந்த நத்தைகளைப் பிடித்து வாழ்பவர்களும் மனிதர்கள்தானே, மாமா மீனவருக்காக எழுதியவர்தானே என்று மடக்கினான். நியாயமான கேள்வி. எங்கள் தீவிலிருந்தும் அலங்கார மீனும் இறாலும் போகின்றன. முக்குளிப்பவர் குடும்பங்கள் அதில் உண்கின்றன. ஆனால் கரை சேர்ந்த மறுமாதமே செத்துப்போவதால் மீண்டும் வாங்கப்படும் பொருளிலே ஒரு பிழைப்பு நிற்பது பிழைப்புக்கு நல்லதா என்று அவனைக் கேட்டேன். சாவைக் கணக்கில் வைத்து நடக்கும் வியாபாரத்திலே விலை எப்போதும் அடிமட்டத்திலேயே இருக்கும். எண்ணிக்கை கூட்டித்தான் சம்பாதிக்க வேண்டும். எண்ணிக்கை கூடக் கூடப் பாறை வெறுமையாகும். இதைச் சங்கிலே நாங்கள் பார்த்தவர்கள்.

சங்கென்றதும் என் சிறுவயது ஞாபகம் வருகிறது. யாழ்ப்பாணத்துக் கரையிலே வலையோடு சிக்கிவரும் ஒரு பொருளை எங்களுக்கு விளையாடத் தருவார்கள். முறுக்கிய ஆட்டுக்கொம்பு போல, தட்டுத் தட்டாக அறைகள் அடுக்கிய, கொம்பு நிறமான ஒன்று. சங்குப்பூ என்பார்கள். அது பூவுமல்ல, கொம்புமல்ல, சங்கின் முட்டைக்கூடு. தாய் அதன் அடியை மணலில் நட்டுவிட்டுப் போகும். பெரும்பாலான கடல் நத்தைகளின் குஞ்சு முதலில் கண்ணுக்குத் தெரியாத குடம்பியாக நீரில் மிதந்து அலையும். சங்கு அப்படியன்று. உள்ளேயே வளர்ந்து, குட்டிச் சங்காகவே வெளிவந்து, அவ்விடத்து மணலிலேயே ஊரத் தொடங்கும். தூத்துக்குடியிலே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இக்கூடுகளிலிருந்து குஞ்சுகளை வெளிவரச் செய்து, வளர்த்துக் கடலில் விட்டுப் பார்த்ததும் இந்த இயல்பை நம்பித்தான். அதே இயல்புக்கு மறுபக்கமும் உண்டு. ஒரு படுகையை அடியோடு வாரிவிட்டால், தொலைவிலிருந்து மிதந்து வந்து அதை நிரப்பக் குடம்பிகள் இல்லை. அந்தச் சங்குப்பூவைக் கல்லில் அடித்து உடைத்து, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தவர்களுள் நானும் ஒருவன்.

ஒரு நத்தை எவ்வாறு ஈனுகிறது என்பது இவ்வளவு பெரிய விடயம். தொட்டி வைத்திருப்போரிடம் நான் வேண்டுவதும் இதுதான்: நத்தையை அதன் பசியைப் பார்த்து வாங்காதீர்கள், ஈனும் முறையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

டென்மார்க்கின் குன்னார் தோர்சன் 1950இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வு, வெப்பவலயக் கடலடி உயிர்களுள் மிகப் பெரும்பாலானவை மிதவையுண்ணும் குடம்பிகளை விடுபவை என்று காட்டியது. தொட்டிக்காரரின் சேரித் நத்தை கண்ணாடியிலே வளைவு வளைவாக நூல் போன்ற முட்டைச் சரம் ஒட்டும். நெரிற் நத்தை எள்ளுப் போன்ற வெண்ணிறக் கூடுகளைக் கல்லெங்கும் பதிக்கும். நசாரியஸும் கூடு ஒட்டும். பார்ப்பவர் குஞ்சு வரப்போகிறதென்று மகிழ்வார். பொரித்து வரும் குடம்பிக்கு நுண்பாசி உணவு வேண்டும். நாட்கணக்கில், இனத்துக்கேற்பக் கிழமைக்கணக்கில் மிதக்க அமைதியான நீர் வேண்டும். தொட்டியிலோ பம்பியின் விசிறி அரைக்கிறது, புரோட்டீன் ஸ்கிம்மர் எனும் நுரை பிரிக்கும் கருவி அள்ளி எறிகிறது. நூறாயிரம் பிறந்தும் ஒன்று எஞ்சுவதில்லை.

இதற்கு விலக்கானவை உண்டு. அவை சிறியவை, பெரும்பாலும் கடையில் விலைப்பட்டியலிலேயே இல்லாதவை. முருகைத் துண்டொன்றின் அடியில் ஒட்டிக்கொண்டு இலவசமாக வந்து சேர்பவை.

ஸ்ரோமற்றெல்லா அவற்றுள் முதன்மையானது. விரல் நகம் போன்ற ஒரு சிறு ஓட்டை முதுகிலே சுமந்துகொண்டு, ஓடில்லாத அட்டை போலத் தோன்றும் நத்தை. பகலிலே கல்லின் அடியில் பதுங்கியிருக்கும். இரவிலே நத்தை என்று நம்ப முடியாத விரைவோடு ஓடித் திரிந்து பாசி மேயும். எதிரி கடித்தால் பல்லி வாலை விடுவது போலப் பாதத்தின் பின்பகுதியைக் கழற்றிவிட்டுத் தப்பிவிடும். மருமகனின் தொட்டியிலே இப்படி ஒரு குடி இருக்கிறதென்பதே அவனுக்குத் தெரியாது. நேர மாற்றத்தினால் உறக்கம் வராத நான் நள்ளிரவிலே கைவிளக்கொன்றுக்குச் சிவப்புத் தாள் சுற்றிக்கொண்டு பார்க்கப்போய்க் கண்டுபிடித்தேன். ஏழு, எட்டு, பிறகு பதினொன்று. காசு கொடுத்து வாங்கிய படை சாடியில் கிடக்க, அழையாமல் வந்தவை குடியும் குடித்தனமுமாக இருந்தன.

என் இரண்டாம் கிழமையின் இறுதியில் ஒரு மாலை, விளக்கு அணைந்து சிறிது நேரத்தில், அவற்றுட் பல கல்லின் உச்சிக்கும் கண்ணாடியின் மேல் விளிம்புக்கும் ஏறின. ஒன்று தலையை உயர்த்திச் சாம்பிராணிப் புகை போல வெண்மையாக எதையோ விட்டது. பின் இன்னொன்று. சிறிது நேரத்தில் தொட்டியின் மேல்நீர் மங்கலாயிற்று. ஆண்கள் விந்தையும் பெண்கள் முட்டையையும் நீரிலே கலக்கும் முறை அது. மருமகன் ஓடிப்போய்ப் பம்பியையும் ஸ்கிம்மரையும் நிறுத்தினான். மீனுக்கு மூச்சு முட்டக்கூடாதென்று ஒரு காற்றுக்குழாயை மட்டும் விட்டான். மருமகள் சோற்றை ஆறவிட்டுவிட்டு என்ன பார்க்கிறீர்கள் என்று ஏசிக்கொண்டு வந்து, தானும் நின்று பார்த்தாள். இந்நத்தையின் குடம்பி வெளியுணவை எதிர்பார்ப்பதில்லை. முட்டையிலிருந்த சத்தைக் கொண்டே சொற்ப நாட்கள் நீந்திவிட்டு, பாசி படர்ந்த பரப்பைக் கண்டதும் அமர்ந்துவிடும். ஆகவேதான் தொட்டியிலே அதன் குலம் தழைக்கிறது.

பெரிய நத்தைகளுள் ட்ரோக்கஸும் இவ்வகையைச் சேர்ந்தது. சட்டைப் பொத்தான் செய்வதற்காகப் பசிபிக் தீவுகளெங்கும் வாரப்பட்ட இனம் அது. அதன் குடம்பி மூன்று முதல் ஐந்து நாட்களில் அமர்ந்துவிடுவதால் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ப்பது கைகூடிற்று. பலாவ் தீவிலே அதைச் செய்த முறையை ஹெஸ்லிங்கா, ஹில்மன் ஆகியோர் 1981இல் எழுதினார்கள். மல்லாக்க விழுந்தாலும் இது தானாக நிமிர்ந்துகொள்ளும். வீட்டுத் தொட்டிகள் சிலவற்றிலும் இதன் குஞ்சுகள் தோன்றுவதுண்டு. கடையில் ஒன்றை வாங்கத்தான் வேண்டுமென்றால், வளர்ப்பகத்தில் பொரித்த ட்ரோக்கஸ் இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம். யூப்ளிகா என்ற சிறு நத்தையும் கண்ணாடியிலே குமிழ் போன்ற கூடுகளை ஒட்டித் தொட்டிக்குள்ளேயே தலைமுறையாகப் பெருகுவது.

கொலோனிஸ்ரா என்பதன் கதை வருத்தத்துக்குரியது. ஐந்து மில்லிமீற்றரையும் எட்டாத, உருண்டையான, இரவிலே வெளிவரும் பாசி மேய்ப்பன். இதுவும் தொட்டிக்குள்ளே தாராளமாகப் பெருகும். பைரமிடெல்லா என்றொரு ஒட்டுண்ணி நத்தை இருக்கிறது. அரிசிமணி போல வெளிறி நீண்டு, சிப்பிகளின் ஓரத்தில் கூட்டமாக இருந்து சாறுறிஞ்சும். இரண்டும் சிறியவை, இரண்டும் இரவில் வருபவை என்பதனால் தொட்டிக்காரர் பலர் கொலோனிஸ்ராவை ஒட்டுண்ணியென்று எண்ணி நசுக்கிக் கொல்கிறார்கள். மருமகனும் ஒரு வருடமாக அதைத்தான் செய்திருக்கிறான். ஒருபுறம் இலவசமாகப் பெருகும் மேய்ப்பனை நசுக்குவதும், மறுபுறம் காசு கொடுத்து மேய்ப்பனை வாங்கிக் கொல்வதுமாக இரண்டு வருடம் போயிருக்கிறது.

இவை பெருக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், செய்யாமல் விடவேண்டியவையே அதிகம் என்பேன். பின்கண்ணாடியைச் சுரண்டாமல் பாசியோடு விடவேண்டும். குஞ்சு அமர்வதும் உண்பதும் அங்கேதான். மீன்நோய்க்குச் செம்பு மருந்தைத் தொட்டிக்குள் ஊற்றலாகாது. மீனுக்கு மருந்தாகும் செம்பு நத்தைக்கு நஞ்சு. நோயுற்ற மீனைப் பிறிதொரு தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். துறவி நண்டும் நத்தைக் குஞ்சும் ஒரே வீட்டில் வாழா. கோதுக்காகவே நண்டு கொல்லும். பம்பியின் வாயிலே ஒரு பஞ்சை மாட்டிவிடலாம். நீரின் உப்பளவு திடீரென மாறுவதை நத்தை தாங்காது என்பதால், ஆவியான நீருக்கு ஈடாக நன்னீரை நாளாந்தம் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். பொறுமைதான் பெரிய செலவு. பாசி கண்டதும் பதறாமல், நத்தைக் குடி பெருகி அதை எட்டிப் பிடிக்கும்வரை சில மாதங்கள் தொட்டி சற்று அழுக்காயிருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வருகிற விருந்தாளி முகம் சுளிப்பார். நான் சுளித்தேன்.

கடைக்காரரிடமும் ஒரு கோரிக்கை உண்டு. உணவுப் பொதியிலே உற்பத்தியான நாடு எழுதப்பட்டிருக்கிறது. உயிருள்ள நத்தையின் தொட்டியிலே விலை மட்டும் ஏன்? எந்தக் கடலிலிருந்து வந்தது, என்ன வெப்பத்தில் வாழும், பாசி தின்னுமா பிணம் தின்னுமா என்று மூன்று வரி எழுதி ஒட்டினால் மார்கரிற்றாவை வெந்நீரில் விடும் கொடுமையாவது குறையும். முருகைத் துண்டை ஒருவருக்கொருவர் கைமாற்றிக் காடொன்றை வளர்த்தெடுத்த தொட்டிக்காரர்கள் நத்தையையும் அவ்வாறே கைமாற்றலாம். துண்டு கொடுக்கும்போது இரண்டு ஸ்ரோமற்றெல்லாவையும் சேர்த்துக் கொடுப்பதற்குச் செலவேதுமில்லை. பெருகியதைக் கொண்டுபோய்க் கடலிலோ வாய்க்காலிலோ கொட்டும் தர்மவான்களுக்கு மட்டும் இது பொருந்தாது. இந்து, பசிபிக் சமுத்திரங்களின் சிங்கமீன் தொட்டிகளிலிருந்து அத்திலாந்திக்குக்குப் போய்ச் செய்யும் அநியாயம் ஒன்றே போதும்.

நான் கொழும்பு திரும்பி ஏழு கிழமைகளின் பின் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். வழக்கமாகத் தாயின் பிரஷரைப் பற்றிப் பேசிவிட்டு வைப்பவன், அன்று சுகம் கேட்கக்கூட மறந்துவிட்டான். பின்கண்ணாடியிலே கடுகளவில் புள்ளிகள் ஊர்கின்றனவாம். மகள் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எண்ணுகிறாளாம். முப்பதுக்கு மேல் எண்ண முடியவில்லையாம், ஓடுகின்றனவாம். பெரியவற்றுள் நான்கை ஒரு தயிர்ப் பேணியில் போட்டு, மிசிசாகாவிலுள்ள நண்பனுக்குத் தானே காரில் கொண்டுபோய்க் கொடுத்தானாம்.

"பொதி வாங்கினியே தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா. கண்ணாடி கொஞ்சம் பச்சையாத்தான் கிடக்கு."

சாடியை என்ன செய்தாய் என்று கேட்பதற்குள், மகள் தொலைபேசியைப் பறித்துக்கொண்டு எண்ணத் தொடங்கிவிட்டாள்.